ஆக்சிஜனை விடாத கருந்தூள்

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் உலகம் ஒரு கருந்தூளை உலோகம் என்று நம்பியிருந்தது. அது உலோகமன்று! இந்தப் பிழை எப்படி நேர்ந்தது எனத் தெரிந்துகொண்டால், அணு உலை எரிபொருளின் முக்கியமான இயல்பு ஒன்றும் உங்களுக்கு விளங்கிவிடும்.

1789-ஆம் ஆண்டு. பெர்லின் நகரில் மார்ட்டின் கிளாப்ராத் என்னும் வேதியியலறிஞர் பிட்ச் பிளெண்டு என்ற கனிமத்தை ஆராய்ந்தார். அதிலிருந்து பெற்ற சேர்மத்தைக் கரியுடன் சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கினார். பளபளப்புள்ள கரிய தூள் கிடைத்தது. அதைப் புதிய உலோகம் என்றே எண்ணி, 1781-இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் நினைவாக யுரேனியம் எனப் பெயரிட்டார்.

1841-இல் பிரெஞ்சு அறிஞர் யூஜின் பெலிகோ அத்தூள் ஓர் ஆக்சைடே என மெய்ப்பித்தார். யுரேனியம் டெட்ராகுளோரைடைப் பொட்டாசியத்துடன் சூடாக்கி உண்மையான உலோகத்தையும் பிரித்துக் காட்டினார். கரியால் பறிக்க முடியாத அளவுக்கு யுரேனியம் ஆக்சிஜனை இறுகப் பற்றியிருந்ததே கிளாப்ராத் ஏமாந்ததற்குக் காரணம்.

அந்த ஆக்சைடே பின்னாளில் பெருமை பெற்றது. யுரேனிய உலோகம் 1,132 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். யுரேனியம் டை ஆக்சைடோ ஏறக்குறைய 2,850 டிகிரி வரை உருகாது. அமெரிக்காவில் 1957-இல் இயங்கத் தொடங்கிய ஷிப்பிங்போர்ட் அணுமின் நிலையத்தில் எரிபொருளின் ஒரு பகுதி இந்த ஆக்சைடு வில்லைகளே. 1983-இல் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் இதுவே எரிபொருளாயிற்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு யுரேனிய அணு பிளந்தால், அது பிடித்திருந்த இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்ன ஆகும்? பிளவில் தோன்றும் புதிய தனிமங்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். செனான் வாயு எதையும் ஏற்காது. நியோடிமியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் ஆளுக்கு ஒன்றரை ஆக்சிஜனை ஏற்கும். மொத்தத்தில் சிறிது ஆக்சிஜன் மிஞ்சும். அது எரிபொருளைச் சூழ்ந்துள்ள சிர்க்கோனியக் கலவை உறையைத் தாக்கினால் தீங்கல்லவா?

இங்கேதான் ஆக்சைடின் நெகிழ்ச்சி உதவுகிறது. அது இரண்டுக்கு மேலும் ஆக்சிஜனை ஏற்கவல்லது. கூடுதல் அணுக்கள் படிகத்தின் இடைவெளிகளில் புகுந்து, அண்டை ஆக்சிஜன் அணுக்களை நகர்த்துகின்றன. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லிஸ், 1963-இல் நியூட்ரான் கதிர்களைக்கொண்டு இதைக் கண்டறிந்தார்.

அருமண் தனிமம் கலந்தால் என்ன நேரும்? ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு ரூபாய் கேட்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் நான்கு ரூபாய் தரும், கணக்குச் சரி. அதன் இடத்தில் அமரும் அருமண் அணுவால் மூன்றுதான் தர இயலும். ஆகவே சில ஆக்சிஜன் இருக்கைகள் காலியாக வேண்டும். அல்லது அண்டை யுரேனியம் ஐந்து ரூபாய் தர வேண்டும். அப்படி அதிகம் தரும் யுரேனியம் ஆக்சிஜனை முன்போல் இறுகப் பற்றாது. நியூட்ரான்களை விழுங்குவதற்காகக் கடோலினியம் வேண்டுமென்றே கலக்கப்படும் எரிபொருளிலும் இதே கணக்குத்தான்.

இந்தப் பிடியின் வலிமையை எப்படி அளப்பது? 1957-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கியுக்கோலாவும் வாக்னரும் வழிகாட்டினர். கால்சியம் கலந்த சிர்க்கோனியா, மிகுந்த சூட்டில் ஆக்சிஜன் அயனிகளை மட்டும் கடத்தும். அதன் ஒரு புறம் இரும்பும் இரும்பு ஆக்சைடும், மறுபுறம் ஆராய வேண்டிய ஆக்சைடும் வைத்தால் மின்னழுத்தம் தோன்றும். அதுவே இரு புறத்துப் பிடிகளின் வேறுபாட்டைக் கூறும் அளவுகோல். 1962-இல் கியுக்கோலா இதை யுரேனியம் ஆக்சைடிலும் செய்து பார்த்தார். இத்தகைய வெப்ப இயக்கவியல் அளவீடுகளே, உறை தாங்குமா என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவுகின்றன.

இன்னொரு செய்தி. 1803-இல் சீரியம் என்ற அருமண் தனிமத்தின் ஆக்சைடைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரும் அதே கிளாப்ராத்தான்! தாம் தனித்தனியே கண்ட இரண்டும் ஒரே எரிபொருள் வில்லைக்குள் கூடி ஆக்சிஜனுக்குப் போட்டியிடும் என்று அவர் நினைத்திருப்பாரா? கிளாப்ராத்தின் முடிவு பிழையாயிற்று. ஆனால் அந்தப் பிழைக்குக் காரணமான ஆக்சிஜன் பிடியைத்தான் அணுமின் பொறியியல் இன்றும் அளந்துகொண்டிருக்கிறது.