கஞ்சமலை இரும்பு

காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் நகரத்தார் மாளிகைகளைத் தாங்கும் இரும்புத் தூண்களும் உத்திரங்களும் பல கடல் கடந்து வந்தவை. அவை கப்பலேறி வந்த காலத்திலும், சேலத்தை அடுத்த கஞ்சமலை தன் இரும்பைச் சுமந்தபடியே நின்றது. அவ்விரும்பு உலைக்களம் காணாத இரும்பன்று.

தொல்கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்தன. அப்படிவுகள் பூமியின் ஆழத்தில் புதையுண்டு, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறின. இரும்பு காந்தக்கல்லாகவும் சிலிக்கா குவார்ட்ஸ் ஆகவும் இறுகிக் கருமையும் வெண்மையுமான வரிப்பாறையாயின. பாறை மடிப்புண்டமையால் அவ்வரிகள் மலையைச் சுற்றி வளைந்தோடுகின்றன. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவி கண்ட புரூஸ் ஃபுட், வில்லியம் கிங்குடன் சேர்ந்து மறு ஆண்டே இப்பகுதியின் நிலவியலை நூலாக வெளியிட்டார்.

இத்தாதில் இரும்பு நூற்றுக்கு 35 முதல் 40 பங்குதான். எஞ்சியது பெரும்பாலும் குவார்ட்ஸ். இக்கால ஊதுலைக்கு இது வறிய தாது. ஆயினும் உருமாற்றம் ஒரு நன்மை செய்தது: மணிகளைப் பருக்கச் செய்தது. இடித்துப் புடைத்தாலோ நீரில் அலசினாலோ, கனத்த காந்தமணி பின்தங்கிவிடும். நெல் புடைக்கத் தெரிந்த கைகளுக்கு இது புதிய வித்தையா என்ன? களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி, இவை போதுமாயிருந்தன. உருக்கிய இரும்பைத் துண்டாக்கி, ஆவாரை விறகும் எருக்கிலையும் சேர்த்து, மண்மூசையில் அடைத்துக் காய்ச்சி எஃகாக்கினர். இம்முறையை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கும்பினி உத்தியோகத்தை விட்ட ஹீத், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதை நம்பியே அது எழுந்தது. தாது குறையவில்லை, மரக்கரிதான் எட்டாத தொலைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆலை நொடித்தது. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகின் விலை இறங்கிற்று. உரிமைத்தொகை தராமல் பிறர் அம்முறையைச் சற்றே மாற்றிக்கொள்ள, வழக்காடிக் களைத்த ஹீத் 1851-இல் வறியவராய் மாண்டார்.

1970-இல் கஞ்சமலை அடிவாரத்திலேயே சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மலையின் தாது உருகும் என்றே மக்கள் காத்திருந்தனர். 1981-இல் ஆலை இயங்கியபோது, பிற இடத்திலிருந்து வந்த துருவேறா எஃகையே தகடாக உருட்டியது.