வலிப்பு நோயும் தொழில் வாழ்வும்: லால்பேட்டை வட்டாரம்

மூளையின் நரம்பணுக்களில் திடீரென எழும் மிகையான மின்கிளர்ச்சியால் பிரக்ஞையோ உடலசைவோ சிறிது நேரம் கட்டுக்கடங்காமற் போவது வலிப்பு; உடனடித் தூண்டுதல் ஏதுமின்றி அது மீண்டும் மீண்டும் வரும் இயல்பே வலிப்பு நோய். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், முறையான சிகிச்சை கிடைப்பின் அவர்களுள் 70 சதவீதம் வரையிலானோர் வலிப்பின்றி வாழக்கூடுமென்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆதலின் ஒருவர் ஒரு தொழிலுக்குத் தகுந்தவரா என்பதை நோயின் பெயரைக் கொண்டு தீர்மானித்தல் நியாயமன்று. வலிப்பு எவ்வளவு அடங்கியுள்ளது, எவ்வேளையில் வருகிறது, செய்யும் வேலை எத்தகையது என்பவற்றை ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலை அடுத்து, வீராணம் ஏரியின் அருகமைந்த லால்பேட்டையில் வெற்றிலைக் கொடிக்காலும் நெல் வேளாண்மையும் கடை வாணிகமும் உள்ளூர் ஜீவனங்களாயிருக்க, இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டுகின்றனர். கொடிக்காலில் ஏணியேறிக் கொடி கட்டுவதும் இலை கிள்ளுவதும் நோயாளருக்கு அபாயமானவை. நிழலில் அமர்ந்து இலையை அடுக்கிக் கவுளி கட்டுவதோ அத்தகையதன்று. வயல்வேலை செய்வோர் வாய்க்காலிலும் ஏரியிலும் துணையின்றி இறங்காதிருத்தல் அவசியம். வளைகுடா வேலைக்குரிய மருத்துவப் பரிசோதனையில் நரம்பு நோய்களும் வினவப்படுதலின் வலிப்பு நோயை மறைத்துச் செல்ல முற்படுவோர், பிறரறியாது மாத்திரை விழுங்கவும், அது தீர்ந்தபின் மருத்துவரை நாட அஞ்சவும் நேரிடும். மருந்து திடீரென நின்றுபோயின் ஓயாத வலிப்பு கண்டு உயிருக்கே ஆபத்து விளையலாம். தூக்கமும் மருந்து வேளையும் மாறுகின்ற ரமலான் நோன்புக் காலத்திலும், நெய்வேலிச் சுரங்கத்தைப் போல் இரவு முறை வேலையுள்ள இடங்களிலும், மருத்துவரைக் கலந்தே நடத்தல் நன்று.

1999-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இந்நோயைக் குறித்திருந்த தடையை நீக்கிற்று. ஆயின் தொழில் துறையில் அத்தகைய தெளிவு பிறக்கவில்லை. 21 வகைக் குறைபாடுகளைக் கூறும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைத் தனியே பெயர் சுட்டாமையால், இதை மட்டுமே காட்டி அரசு உத்தியோகத்தில் ஒதுக்கீடு கோருதல் அரிது. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் சொந்தக் கார் ஓட்ட உரிமம் பெறலாம். இந்தியாவிலோ, வலிப்பு உண்டென்று விண்ணப்பத்தில் எழுதுவோருக்கு ஓட்டுநர் தொழில் பெரும்பாலும் எட்டாததாகிறது.

தையல், கணக்கெழுதுதல், ஆசிரியப் பணி, கணினி வேலை, கடை நடத்துதல் ஆகியவை நோய் அடங்கியவர்க்குப் பெரிதும் ஏற்றவை. இந்நோயுடன் வாழ்ந்த டோனி கிரெக், இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி, 1977 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் வெற்றி கண்டு இந்தியாவில் தொடரையே கைப்பற்றினார் என்பது, மருந்தும் ஒழுங்கும் சேர்ந்தால் எவ்வளவு கடினமான பணியும் சாத்தியமாதலைக் காட்டும்.

இந்நோயுள்ளவரைப் பணியில் வைத்துக்கொள்வதால் முதலாளிக்குப் பெருஞ்செலவில்லை. சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்திற்குச் சென்றுவர மாதமொரு நாள் விடுப்பும், உயரமும் நெருப்பும் சுழலும் இயந்திரமும் விலக்கிய வேலையும், உடன் பணிபுரிவோர்க்குச் சிறு பயிற்சியுமே வேண்டுவன. கையில் சாவியையோ இரும்பையோ திணிக்காமலும், வாயில் எதையும் இடாமலும், வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 5 நிமிஷத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே அப்பயிற்சியின் சாரம்.