மணலுக்கு அடியில் ஒரு தண்ணீர் வழக்கு

மணல் மேடு பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு முதலில் ஒரு ஓடையைக் கடக்க வேண்டும் என்றால் நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவில் பனி உருகும் காலத்தில் அப்படித்தான்! ஓடையின் பெயர் மெடானோ. அதைத் தாண்டினால் வட அமெரிக்காவிலேயே உயரமான மணல் மேடுகள். சுமார் 225 மீட்டர். பின்னால் சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடர். மணல், புல்வெளி, சதுப்பு நிலம், காடு, மலை மேல் ஏரி... எல்லாம் ஒரே இடத்தில்.

1807 ஜனவரியில் செபுலான் பைக் என்ற ராணுவ அதிகாரி மலையைக் கடந்து வந்து இந்த மணலைப் பார்த்தார். புயலில் கொந்தளிக்கும் கடல் போல இருந்ததாக எழுதி வைத்தார். 1920களில் மணலில் தங்கம் எடுக்க ஆட்கள் வரத் தொடங்கியதும், அந்த வட்டாரத்து பி.இ.ஓ. என்ற பெண்கள் அமைப்பினர் பாதுகாப்பு கேட்டுப் பிரசாரம் செய்தார்கள். 1932ல் அதிபர் ஹூவர் இதை தேசியச் சின்னமாக அறிவித்தார்.

ஆனால் காப்பாற்றப்பட்டது பெரும்பாலும் மணல் மட்டும்தான். அது போதாது. காற்று மணலை மலைப் பக்கம் தள்ளுகிறது; ஓடைகள் அதை அள்ளி மறுபடி பள்ளத்தாக்குக்குக் கொண்டு வருகின்றன; காற்று திரும்பவும் மேட்டில் சேர்க்கிறது. ஓடை வற்றினால் இந்தச் சுற்று அறுந்துபோகும். ஓடையோ நிலத்தடி நீரோடு பின்னிப் பிணைந்தது.

அந்த நிலத்தடி நீருக்குத்தான் விலை பேசினார்கள். பக்கத்தில் சுமார் ஒரு லட்சம் ஏக்கரில் இருந்த பாக்கா பண்ணையை வைத்திருந்த ஒரு நிறுவனம், ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர்-அடி தண்ணீர் எடுக்க 1986ல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டது. (ஒரு ஏக்கர்-அடி என்பது ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்!) வளர்ந்து வரும் நகரங்களுக்கு விற்பதுதான் நோக்கம். வியாபாரக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கோ அது வாழ்வா சாவா பிரச்சினை. அவர்கள் எதிர்த்தார்கள்; தேசியப் பூங்காத் துறையும் எதிர்த்தது. நிறுவனம் தோற்றது, 1994ல் மாநில உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

கதை அதோடு முடியவில்லை. பண்ணை கை மாறியது, புது உரிமையாளரும் தண்ணீர் ஏற்றுமதித் திட்டத்தோடு வந்தார். நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் நிலம் அடுத்தவர் கையில் இருக்கும் வரை நிம்மதி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

2000ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் ஒரு சுவாரசியமான நிபந்தனை: போதுமான அளவு நிலமும், அதில் போதுமான இயற்கை வகைகளும் சேர்ந்த பிறகே தேசியப் பூங்கா என்ற பட்டம். வெறும் மணலை வைத்து வாங்க முடியாது! நேச்சர் கன்சர்வன்சி என்ற தொண்டு நிறுவனம் அரசோடு கைகோர்த்து, 3 கோடி டாலருக்கும் மேல் விலை பேசி, பாக்கா பண்ணையை வாங்க உதவியது. 2004 செப்டம்பரில் பூங்கா பிறந்தது. பண்ணையின் ஒரு பகுதி வனவிலங்குப் புகலிடமானது.

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் போனால் மெடானோவில் நல்ல தண்ணீர் இருக்கும். மணலடியில் சின்னச் சின்ன அணைகள் தானாக உருவாகி உடைவதால் சில நொடிக்கு ஒரு முறை அலை அடிக்கும். கோடை மதியத்தில் மேட்டில் வெறுங்காலோடு ஏறக் கூடாது. மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். ஆனால் கையால் கொஞ்சம் தோண்டினால் போதும், உள்ளே ஈரம்.