மேடைக்கு எதிரே நின்றவர்கள்

சின்னமனூர் என்றவுடன் வரலாறு பயில்வோர்க்கு நினைவில் எழுவன அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள். மன்னரின் மரபும் வெற்றியும் கொடையும் அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அக்கொடையின் அறிவிப்பைக் கேட்டு நின்ற உழவர் என்ன நினைத்தார் என்பது அவற்றில் இல்லை. நம் தேர்தல் வரலாற்றிலும் இக்குறை உண்டு. மேடையில் பேசியவர் பெயர் நிற்கிறது. எதிரே நின்று கேட்டவர் பெயர் நிற்பதில்லை. முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் இக்கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து, அந்த எளியவரை முன்னிறுத்தி அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைக் கொண்டே அன்று வாக்குரிமை அளிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்திய மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே அதனைப் பெற்றிருந்தனர். காங்கிரஸுக்குரிய மஞ்சள் பெட்டி ஊரெங்கும் பேசப்பட்டது. 215 இடங்களில் 159 அக்கட்சிக்குக் கிடைத்தன. நிலமற்ற கூலி உழவருக்கோ வாக்கு இல்லை. எனினும் அத்தகையோரும் கூட்டங்களுக்குச் சென்றனர். எதற்காக? தம் மனத்தை வெளிப்படுத்த அவர்க்கு வாய்த்த இடம் அதுவே. அவர் எழுப்பிய முழக்கமே அவரது வாக்காக இருந்தது.

கூட்டத்துக்குச் செல்வதும் எல்லார்க்கும் எளிதாக இருக்கவில்லை. இப்பகுதி அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்மீது குற்றப்பரம்பரைச் சட்டம் சுமத்தப்பட்டிருந்தது. அதன்படி பதிவு செய்யப்பட்டவர் தாம் விரும்பியவாறு ஊர் விட்டு ஊர் செல்லவும், இரவில் வெளியே தங்கவும் இயலாது. அயலூரில் மாலைக் கூட்டம் ஒன்றைக் கேட்டுத் திரும்புவதும் அவர்க்குத் துணிவு வேண்டிய செயலாயிற்று. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. கூடும் உரிமை என்னும் சொல்லின் முழுப்பொருளை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாவர்?

1951–52-இல் முதற் பொதுத் தேர்தல் வந்தது. 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு. நாடெங்கும் ஏறத்தாழ 17 கோடி 30 லட்சம் வாக்காளர். வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கதிரும் அரிவாளும். எழுத்தறியாத உழவர்க்கும் இவை தம் வயலில் நாளும் கண்டவை. அதுவரை கூட்டத்தில் ஆயிரவருள் ஒருவராக நின்றவர், அன்று மறைப்புக்குப் பின்னே தனியராக நின்றார். ஒரு கட்சிக்கு முழக்கமிட்டு வேறொரு கட்சிக்கு வாக்களிக்கவும் அவரால் இயலும்; அதனை அறிய யாராலும் இயலாது.

இதனைப் பிற்கால நிகழ்ச்சிகள் நன்கு விளக்குகின்றன. எம்.ஜி.ஆருக்குக் கூடிய கூட்டத்தின் பெருமை யாவரும் அறிந்தது. எனினும் 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அவரது கட்சி தமிழகத்தின் 39 தொகுதிகளுள் 2-இல் மட்டுமே வென்றது. அவ்வாண்டு மே மாதமே மக்கள் அவரை மீண்டும் முதல்வராக்கினர். 1984-இல் அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே, இப்பகுதியின் ஆண்டிபட்டித் தொகுதியில் வேட்பாளரானார். தொகுதிக்கு அவர் வரவே இல்லை. மருத்துவமனையில் எடுத்த வீடியோப் படமே ஊர் ஊராகக் காட்டப்பட்டது. டிசம்பர் 24-இல் நடந்த தேர்தலில் அவர் 32,000 வாக்குகளுக்கு மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். கூட்டம் திரண்டபோது தோல்வியும், தலைவர் வாராதபோது வெற்றியும் நேர்ந்தன. ஆகவே, திரண்ட தலைகளை எண்ணி மக்களின் முடிவை அறிந்துவிட்டதாகக் கருதுவது பிழை. அவர்களை ஏதுமறியா மந்தை என்று இகழ்வதோ அதனினும் பெரும்பிழை.

மாணவ நண்பர்களே! தேர்தல் கூட்டம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தால், மேடையை மட்டும் நோக்கித் திரும்பாதீர்கள். அருகில் நிற்கும் முதியவரிடம், அவர் முதன்முதலில் கேட்ட கூட்டம் எது, அன்று எதற்காகச் சென்றார் என்று வினவுங்கள். அவர் கூறுவதை எழுதி வையுங்கள். செப்பேடு எழுதாமல் விட்ட பகுதியை அவ்வாறுதான் நாம் நிரப்ப இயலும்.