நிலம் எனும் குதிர்: ஆழங்குறைந்த புவிவெப்பமும் பெருங்கட்டடங்களும்

புவிவெப்பம் என்றதும் பூமியின் வயிற்றில் கனலும் நெருப்பே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆழங்குறைந்த புவிவெப்பத்துக்கும் அந்த நெருப்புக்கும் உள்ள உறவு மிகச் சிறிது. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் அநேகமாக மாறுவதில்லை. அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. அந்நிலையைப் பற்றிக்கொண்டு இயங்கும் வெப்ப எக்கி, ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று நான்கு அலகு வெப்பத்தைக் கட்டடத்துக்குத் தருகிறது. தனிவீட்டுக்கு இந்தக் கணக்கு போதும். பெருங்கட்டடங்களுக்கு நிலத்தை வெப்பச் சுரங்கமாகக் கொள்ளாமல், இட்டு எடுக்கும் குதிராகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரணம் எளியது. ஒற்றை ஆழ்துளை இழக்கும் வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் ஈடுசெய்துவிடும். நூற்றுக்கணக்கான துளைகள் நெருங்கி நிற்கும் களத்தில் நடுவிலுள்ள துளைக்கு நான்கு புறமும் துளைகளே. அங்கே போட்டது எளிதில் வெளியேறாது. எடுத்தது விரைவில் நிரம்பாது.

இதை உணர்ந்து அமைக்கப்பட்டது சுவீடனின் ஆர்லாண்டா விமான நிலையத் திட்டம். 2009இல் இயங்கத் தொடங்கிய இது, பனியாறு விட்டுச்சென்ற சரளைமேட்டின் நிலத்தடி நீரைப் பயன்படுத்துகிறது. கோடையில் குளிர்ந்த நீரை மேலேற்றி முனையங்களைக் குளிர்விக்கிறார்கள். வெதுவெதுப்பான நீர் மறுபுறம் இறக்கப்படுகிறது. குளிர்காலத்தில் அதே நீர் எதிர்த்திசையில் திரும்பி, காற்றோட்டத்துக்கான காற்றைச் சூடேற்றுகிறது. விமானம் நிற்கும் தளத்தின் பனியை உருக்குகிறது. கோடையின் மிச்சம் குளிர்காலத்தின் முதலாகிறது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009இல் பணியைத் தொடங்கி, சுமார் 3,600 ஆழ்துளைகளுடன் வளாகம் முழுவதையும் புவிவெப்ப முறைக்கு மாற்றியது. நிலக்கரிக் கொதிகலன்கள் ஓய்ந்தன. பெரும் வெற்றிதான். ஆயினும், முதலில் அமைந்த துளைக்களத்தில் எடுத்ததைவிட இட்ட வெப்பம் மிகுந்தபோது நிலத்தடி வெப்பநிலை உயர்ந்ததைக் கண்காணிப்புக் கிணறுகள் காட்டின. நிலம் சூடேறச் சூடேறக் குளிர்விக்கும் திறன் குறையும். மின்கட்டணத்தில் அது தெரியவரப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதே இதன் சிக்கல்.

குதிரை நிரப்புமுன் அதன் சுவரையும் சோதிக்க வேண்டும். தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்டவுஃபன் நகரில் 2007இல் நகர்மன்றக் கட்டடத்துக்காக 140 மீட்டர் ஆழத்தில் ஏழு துளைகள் இடப்பட்டன. அவற்றின் வழியே நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் அடுக்கை எட்டியது. நீரேறிய அன்ஹைட்ரைட் ஜிப்சமாக மாறி உப்பியது. நகரின் தரை மேலெழுந்தது. 250க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. இதைக் காட்டித் தொழில்நுட்பத்தையே மறுப்பது முறையன்று. பாறையை அறியாமல் துளையிட்டதும் துளையைச் சரிவர அடைக்காததும் தவிர்க்கக்கூடிய பிழைகள்.

குளிர்காலமே இல்லாத வெப்பமண்டல நகரங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. அங்கே ஆண்டு முழுதும் இடுவது மட்டுமே நடக்கும். எடுக்கும் பருவம் இல்லை. மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களின் வெந்நீர்த் தேவை ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். மீதியைக் குளிர்விப்புக் கோபுரமே வெளியேற்ற வேண்டும்.

ஆகவே அனுமதி வழங்குவோர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: ஆண்டுக்கு இடுவது எவ்வளவு, எடுப்பது எவ்வளவு, அடியில் இருக்கும் பாறை எது? இவற்றுக்கு எண்ணாலும் ஆய்வாலும் விடை தராத திட்டத்தை நீடித்தது என்று அழைக்க இயலாது.