மரம் இருக்கு, விலங்கு இருக்கு... மனுஷங்க எங்கே? அனிமேஷன் படங்கள் காட்டும் மழைக்காடு!

சங்கரன்கோவில் பக்கம் இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் ஒருவர் "காட்டுக்குப் போறேன்" என்றால், வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். அங்கே காடு என்பது மனிதர்கள் உழைக்கும் நிலம். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் அனிமேஷன் காடுகளில் மனிதர்களைத் தேடத்தான் வேண்டும். ஏன் அப்படி? விரிவா பார்க்கலாம்.

'ஜங்கிள் புக்' காட்டியது எந்தக் காடு?

ருட்யார்ட் கிப்ளிங் 1894-ல் வெளியிட்ட கதைகளின் களம் மத்தியப் பிரதேசத்தின் சிவனி பகுதி. அது இலையுதிர் காடு, மழைக்காடு அல்ல. ஆனால் 1967-ல் வந்த டிஸ்னி படம் அதை அடர்ந்த மழைக்காடு போலவே வரைந்தது. குரங்குகளின் ராஜாவாக ஓர் ஒராங்குட்டானும் வரும். ஒராங்குட்டான்கள் வாழ்வது போர்னியோ, சுமத்ராவில்தான், இந்தியாவில் கிடையாது.

கிப்ளிங் கதையில் வரும் கோண்டு பழங்குடி மக்களும் படத்தில் இல்லை. மௌக்லியைத் தவிர நாம் பார்க்கும் ஒரே மனித முகம், கடைசியில் தண்ணீர் எடுக்க வரும் சிறுமி மட்டும்தான்.

மற்ற படங்களில்?

* டார்ஜான் (1999): கதை நடப்பது ஆப்பிரிக்கக் காட்டில். ஆனால் ஆப்பிரிக்க மக்கள் யாரும் வரமாட்டார்கள்.
* அப் (2009): இதில் வரும் அருவிக்கு முன்மாதிரி வெனிசுலாவின் ஏஞ்சல் அருவி. அது பெமோன் மக்களின் பூமி. படத்தில் அவர்கள் இல்லை.
* ரியோ 2 (2014): நீலக் கிளிகள் அமேசானில் கூட்டமாக வாழ்வதாகக் கதை. நிஜத்தில் அந்த ஸ்பிக்ஸ் மக்காவின் தாயகம் வடகிழக்கு பிரேசிலின் வறண்ட காட்டிங்கா பகுதி.

விதிவிலக்குகள் உண்டா?

உண்டு. பிரேசிலின் 'ரியோ 2096' படத்தின் நாயகன் ஒரு துப்பினம்பா பழங்குடி வீரன். 2013-ல் பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் சிறந்த படத்துக்கான விருது வாங்கியது இந்தப் படம். பெரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பான 'அய்ன்போ' (2021) படத்தில் அமேசான் சிறுமிதான் நாயகி. இந்தியாவில் 'டேல்ஸ் ஆஃப் தி டிரைப்ஸ்' தொடர், வடகிழக்கு மற்றும் மத்திய இந்தியப் பழங்குடிக் கதைகளை அனிமேஷனாக்கியது.

சினிமாதானே, இதில் என்ன இருக்கு?

காட்டில் ஆளே இல்லை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே வாழ்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாகத் தெரிவார்கள். நம்ம பக்கமே பாருங்க. களக்காடு முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதற்கு முன்பிருந்தே அந்த மலையில் வாழ்பவர்கள் காணி மக்கள். சேர்வலார், மயிலார், இஞ்சிக்குழி எல்லாம் அவர்களின் குடியிருப்புகள்.

அதே அகத்தியமலையின் கேரளப் பக்கம் 1987-ல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு, களைப்பு தீர்க்கும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டியவர்கள் வழித்துணைக்கு வந்த காணிகள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. அதன் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என முடிவானது. காட்டில் வாழ்வோரின் நில உரிமையை 2006 வன உரிமைச் சட்டமும் ஏற்கிறது.

சட்டம் பார்த்துவிட்ட அந்த மனிதர்களைப் பெரும்பாலான கார்ட்டூன்கள்தான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த முறை பிள்ளைகளோடு காட்டுப் படம் பார்த்தால், "இங்கே குடியிருக்கிறவங்க யாரு?" என்று கேட்டுப் பாருங்கள்.