நகராட்சி பூங்கா திட்டத்துக்கு கன்சல்டன்ட் எதுக்கு? எப்படித் தேர்வு செய்வாங்க? வடலூர் பெருவெளியை வைத்து ஒரு விளக்கம்!

தைப்பூசத்தன்று வடலூர் பெருவெளியில் நின்றவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டின தூரம் வரை மக்கள் தலைதான். கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பார்த்தால் வெறும் திடல். வரைபடத்தில் மட்டும் பார்க்கிறவருக்கு அது 'காலி இடம்'. ஊர்க்காரங்களுக்கு அப்படி இல்லை. பூங்கா, விளையாட்டுத் திடல் என எந்த ஊர் திட்டம் போட்டாலும் முதலில் வரும் சிக்கல் இதுதான்.

பெருவெளியில் என்ன பிரச்னை?

வள்ளலார் 1867-ல் சத்திய தருமச்சாலையையும், 1872-ல் சத்திய ஞானசபையையும் தொடங்கினார். இதற்காக பார்வதிபுரம் மக்கள் கொடுத்தது சுமார் 80 காணி, அதாவது 106 ஏக்கர் நிலம்.

2024 பிப்ரவரியில் இங்கே சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வருகிறவர்களுக்கு வசதிகள் வேணும் என்பது அரசுத் தரப்பு வாதம். 'மையம் வரட்டும், ஆனா பெருவெளியில் வேண்டாம். ஜோதி தரிசனத்துக்கு வர்ற கூட்டம் எங்கே நிற்கும்?' என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. போராட்டம் நடந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது.

இது அறநிலையத்துறை திட்டம். ஆனா, 2021-ல் நகராட்சியான வடலூர் நாளைக்கு ஒரு பூங்கா போட்டாலும் இதே கேள்வி வரும். அந்த இடத்தை யார், எப்போ, எதுக்குப் பயன்படுத்துறாங்க?

கன்சல்டன்ட் வேலை என்ன?

இந்தக் கேள்விக்கு நேரில் போய்ப் பதில் தேடுவதுதான் கன்சல்டன்ட்டின் முதல் வேலை. எந்த வார்டில் எவ்வளவு திறந்தவெளி இருக்கு, நடந்து போகிற தூரத்தில் பூங்கா இருக்கா எனக் கணக்கெடுக்கணும். ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி தேவை என்கிறது மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டி. அதன் பிறகுதான் வரைபடம், செலவு மதிப்பீடு, பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்ந்த விரிவான திட்ட அறிக்கை, அதாவது டிபிஆர்.

எப்படித் தேர்வு செய்வாங்க?

* முதலில் 'பணி வரையறை' எழுதணும். கன்சல்டன்ட் என்னென்ன செய்யணும் என்ற பட்டியல் இது.
* அடுத்து டெண்டர். தமிழ்நாட்டில் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்குப் பொருந்தும்.
* தகுதி ஒரு கவர், விலை இன்னொரு கவர். தகுதியைப் பார்த்த பிறகே விலைக் கவரைப் பிரிப்பாங்க.

கன்சல்டன்ட் வேலைகளில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போடும் முறையும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: தரத்துக்கு 70, விலைக்கு 30. 'அ' நிறுவனம் தரத்தில் 90 மார்க், கேட்பது 20 லட்சம். 'ஆ' நிறுவனம் 75 மார்க், கேட்பது 15 லட்சம். குறைந்த விலை கேட்டவருக்கு 30-ம் முழுசா கிடைக்கும். 'அ'வுக்கு 63 + 22.5 = 85.5. 'ஆ'வுக்கு 52.5 + 30 = 82.5. விலை அதிகமா இருந்தாலும் 'அ'தான் ஜெயிக்கும்.

எங்கே கோட்டை விடுறாங்க?

பணி வரையறையில்தான். 'பொதுமக்களிடம் கருத்துக் கேட்கணும்' என அதில் எழுதலைன்னா, கன்சல்டன்ட் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. நடைபாதை, நீரூற்று, செல்ஃபி பாயின்ட் என எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு வரைபடம் வந்து சேரும். சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் பசங்க, ஆடு மேய்க்கிறவங்க, திருவிழாக் கூட்டம் யாருமே அதில் இருக்க மாட்டாங்க.

நீங்க என்ன கேட்கலாம்?

* தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-ல் இருந்தே இருக்கு. அதன்படி உங்க ஊர் திறந்தவெளிகளின் பட்டியலும் வரைபடமும் இருக்கான்னு நகராட்சியில் கேளுங்க.
* பணி வரையறை, டெண்டர் மதிப்பெண், டிபிஆர் நகலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.
* உங்க வார்டு பகுதி சபைக் கூட்டத்தில் பேசலாம்.

டெண்டர் விடுறதுக்கு முன்னாடியே கேட்டா, பணி வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடிக்கல் நாட்டின பிறகு கேட்டா, கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும்.